தட்டிவிட்டாலும் தானா வந்து உட்காரும் சிப்... லேசர் கோடும் ஒரு சொட்டுத் தண்ணீரும் செய்யும் வேலை!

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் ஏதாவது ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் போர்டு வேலை நடக்கும்போது கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. பழுதான ஐ.சி.யை எடுத்துவிட்டு, புதுசை அதே இடத்தில் வைத்து, மேலிருந்து ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டுவார் கடைக்கார அண்ணாச்சி. மெஷினில் தெரியும் டிகிரி வெறும் காற்றின் சூடுதான். ஐ.சி.க்கு அடியில் ஈயம் உருகிவிட்டதா, இல்லையா என்று அது சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருக்கிறது. ட்வீசர் நுனியால் ஐ.சி.யின் ஓரத்தை ஒரு நூல் அளவு தள்ளுவார். அது நகரும். கையை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்காரும். அப்படி வந்தால் ஈயம் உருகிவிட்டது என்று அர்த்தம், வேலை முடிந்தது.

யாரும் அதைப் பிடித்து இழுக்கவில்லை. கேமராவோ, மோட்டாரோ, சாஃப்ட்வேரோ எதுவும் இல்லை. ஆனாலும் சரியான இடத்தை அந்தச் சின்னச் சில்லு தானாகவே கண்டுபிடித்துவிடுகிறது. இந்த வித்தையை 183 டிகிரியில் உருகும் ஈயத்தை வைத்துச் செய்யாமல், சாதாரணத் தண்ணீர்த் துளியை வைத்துச் செய்ய முடியுமா? உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் இருபது வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் லேசருக்கு என்ன வேலை? பார்க்கலாம்.

இழுப்பது யார்?

பள்ளிக்கூடத்தில் படித்த பரப்பு இழுவிசைதான். எந்தத் திரவமும் தன் வெளிப்பரப்பை முடிந்த அளவுக்குச் சின்னதாக வைத்துக்கொள்ளப் பார்க்கும். மழைத்துளி உருண்டையாக இருப்பதும் அதனால்தான்.

இப்போது சதுரமான ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். அதன் மேல் அதே அளவில் ஒரு சதுரச் சில்லு. சில்லு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால், நடுவில் இருக்கும் தண்ணீரின் பக்கவாட்டுச் சுவர் சாய்ந்து நீளும். பரப்பு கூடும். தண்ணீருக்கு அது பிடிக்காது. சில்லு நேராக வந்து கீழே இருக்கும் சதுரத்தோடு விளிம்புக்கு விளிம்பு பொருந்தும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். சில்லு தண்ணீரில் மிதப்பதால் எதிலும் உரசுவதில்லை; தடுக்கவும் ஆள் இல்லை.

'ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அவ்வளவு பலமா?' என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சிலிக்கான் சில்லின் எடை கால் மில்லிகிராம்கூட வராது. அதன் ஒரே ஒரு விளிம்பில் தண்ணீரின் பரப்பு இழுவிசை கொடுக்கக்கூடிய இழுப்பு, அந்த எடையைப் போல சுமார் 30 மடங்கு.

சில்லு இன்னும் சின்னதாக ஆக ஆக, தண்ணீரின் கை இன்னும் ஓங்கும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பத்தில் ஒரு பங்காக்கினால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். இழுப்போ பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். செங்கல்லை ஒரு சொட்டுத் தண்ணீரால் அசைக்க முடியாது. தூசி அளவு சிப் விஷயத்தில் தண்ணீர்தான் ராஜா.

இதே விசை சேட்டையும் செய்யும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எஸ்.எம்.டி. லைனில் வேலை பார்க்கும் நண்பர்கள் இருந்தால் 'டூம்ஸ்டோன்' பற்றிக் கேளுங்க. ஒரு குட்டி ரெசிஸ்டரின் ஒரு முனையில் மட்டும் சோல்டர் முதலில் உருகிவிட்டால், அந்தப் பக்கம் இழுத்த இழுப்பில் ரெசிஸ்டர் கல்லறைக் கல் மாதிரி செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். இழுப்பு நல்லதுதான். ஆனா நாலு பக்கமும் சமமா இருக்கணும்.

வரப்பு இல்லாமல் நிற்கும் தண்ணீர்

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஈயத்துக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருக்கிறது. அது செம்புப் பட்டையில் ஒட்டும், பக்கத்தில் இருக்கும் பச்சைப் பூச்சில் ஒட்டாது. தண்ணீர் அப்படியில்லை. கண்ணாடியில் விட்டால் இஷ்டத்துக்குப் பரவும். எல்லை கோணலாக இருந்தால் சில்லும் கோணலாகத்தான் உட்காரும்.

தாமிரபரணித் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து வயலுக்குக் கொண்டுபோகும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் வரப்பு வேண்டும். ஆனால் மைக்ரான் அளவில் மண் அணைத்து வரப்பு கட்ட முடியாது, கட்டவும் தேவையில்லை. உயரமே இல்லாத வரப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நீரை விரும்பும் பரப்பு, அடுத்த பக்கம் நீரை வெறுக்கும் பரப்பு. இரண்டும் சந்திக்கும் கோடுதான் வரப்பு. தண்ணீர் அந்தக் கோடு வரை வந்து நின்றுவிடும்.

நீரை வெறுக்கும் பரப்பு எப்படி இருக்கும்? வாய்க்கால் கரையில் வளரும் சேம்பு இலையைப் பாருங்க. மழை பெய்தாலும் நனையாது. துளி முத்து மாதிரி உருண்டு ஓடும். தாமரை இலையும் அப்படித்தான். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அந்த மேடுகளின் மேல் மெழுகுத் துகள்கள். துளி அந்த மேட்டு நுனிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு, இடையில் இருக்கும் காற்றின் மேல் உட்கார்ந்திருக்கும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், தன் சக ஆய்வாளர் நைன்ஹுயிஸுடன் 1997-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் 'தாமரை விளைவு' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. நம்ம ஊரில் 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம் என்பது வேறு விஷயம்.

லேசர் உள்ளே வரும் இடம்

இந்த உயரமில்லாத வரப்பைப் போட லேசர் ஒரு நல்ல கருவி. இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி எளிது. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மேல் நீரை வெறுக்கும் ஒரு மெல்லிய பூச்சு. சிப் உட்கார வேண்டிய இடத்தில் மட்டும் லேசரால் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். துளி அங்கே மட்டும் தங்கும்.

இரண்டாவது வழிதான் எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது. பூச்சே இல்லாமல், லேசரால் பரப்பையே சேம்பு இலை மாதிரி மேடும் பள்ளமுமாக ஆக்கிவிடுவது. இதற்கு ஃபெம்டோ செகண்ட் லேசர் ரொம்பவே பொருத்தம். ஒரு ஃபெம்டோ செகண்ட் என்பது ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வருவதை மறுபடியும் பத்துக் கோடியால் வகுத்தால் கிடைப்பது. 100 ஃபெம்டோ செகண்டில் ஒளியே 30 மைக்ரான்தான் போகும், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அவ்வளவு குறுகிய அடி என்பதால், சூடு பக்கத்தில் பரவுவதற்குள் அந்த இடத்துப் பொருள் ஆவியாகிவிடும். ஓரங்கள் உருகி வழியாது. கோடு சுத்தமாக இருக்கும்.

இத்தனை குறுகிய, ஆனால் பலமான லேசர் அடியை உருவாக்கும் முறையை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1985-ல் கண்டுபிடித்தவர்கள் ஜெரார் மூரூவும் அப்போது மாணவியாக இருந்த டோனா ஸ்ட்ரிக்லண்டும். இருவருக்கும் 2018-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் சுன்லெய் குவோவும் வொரோபியெவும் 2015-ல் பிளாட்டினம், டைட்டானியம், பித்தளைத் தகடுகளை ஃபெம்டோ செகண்ட் லேசரால் செதுக்கிக் காட்டினார்கள். விழுந்த தண்ணீர்த் துளி பந்து மாதிரி எகிறிக் குதித்தது. மேலே எந்தப் பூச்சும் பூசப்படவில்லை.

இதில் ஒரு விநோதம் உண்டு. லேசரால் புதிதாகச் செதுக்கிய உலோகம் பெரும்பாலும் முதலில் தண்ணீரை ஆசையாகக் குடிக்கும். நாட்கள், சில சமயம் வாரங்கள் போகப் போக, காற்றில் இருக்கும் கரிமப் பொருட்கள் மெல்ல அதன் மேல் படிந்து, அதே பரப்பு தண்ணீரைத் தள்ள ஆரம்பிக்கும். இன்றைக்கு ஒரு மாதிரி, அடுத்த மாதம் வேறு மாதிரி. ஆய்வுக்கட்டுரைக்கு இது நல்ல தலைப்பு. தொழிற்சாலைக்கு இது தலைவலி.

சாரல் அடிச்சா போதும்

தண்ணீரை வைத்து சிப்பை உட்கார வைப்பதில் முன்னோடி என்றால் ஜப்பானின் செண்டாய் நகரில் இருக்கும் தொஹோகு பல்கலைக்கழகம். கொயனாகி, ஃபுகுஷிமா (அணு உலை இருந்த ஊர் இல்லை, ஆய்வாளரின் பெயர்) ஆகியோரின் குழு 2005 வாக்கிலேயே, நீரை விரும்பும் கட்டங்களில் துளிகளை வைத்து, அதன் மேல் சிப்களைப் போட்டு, ஒரு மைக்ரானுக்குள் பொருத்திக் காட்டியது. தண்ணீர் ஆவியானதும் சிப் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிரான்ஸின் சி.இ.ஏ.-லெட்டி ஆய்வகமும் இன்டெல் நிறுவனமும் 2022-ல் இதே கருத்தில் அரை மைக்ரானுக்கும் கீழே போய்விட்டதாக அறிவித்தன.

இதில் எனக்குப் பிடித்தது ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் இருந்து 2015-ல் வந்த ஆய்வு. சுவான் சோ, ராபின் ராஸ் உள்ளிட்டோர் செய்தது. அதுவரை சிப்பை அதன் கட்டத்தின் மேல் போதுமான அளவு படும்படி வைக்க வேண்டியிருந்தது. இவர்கள் கட்டத்துக்கு வெளியே, தள்ளியே வைத்தார்கள். பிறகு மேலிருந்து மிக நுண்ணிய மழையைத் தூவினார்கள். குற்றாலச் சாரல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கட்டத்தில் தண்ணீர் சேர்ந்து பெருகி சிப்பைத் தொட்டதும், சிப்பை உள்ளே இழுத்து, நேராக்கி உட்கார வைத்துவிட்டது. சுற்றிலும் இருந்தது 'கறுப்பு சிலிக்கான்' என்ற, தண்ணீரைச் சுத்தமாக ஒட்டவிடாத பரப்பு.

ஆல்டோ குழு அந்தப் பரப்பை லேசரில் செய்யவில்லை. சிப் ஆலைகளில் செதுக்கும் வழக்கமான முறையில்தான் செய்தது. ஆனால் லேசருக்கும் கறுப்பு சிலிக்கானுக்கும் பழைய உறவு உண்டு. 1990-களின் கடைசியில் ஹார்வர்டில் எரிக் மஸூரின் ஆய்வகத்தில், ஃபெம்டோ செகண்ட் லேசரால் சிலிக்கானை அடித்தபோது பளபளப்பு போய்க் கன்னங்கரேல் என்று ஆனது. நுண்ணோக்கியில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க ஊசி ஊசியாக நின்றது.

அப்போ லித்தோகிராஃபி போதாதா?

நியாயமான கேள்வி. சிலிக்கான் வேஃபரில் வேலை என்றால் போதும். கோடிக்கணக்கான கட்டங்களை ஒரே ஃபிளாஷில் அச்சடிக்கும் லித்தோகிராஃபியோடு, ஒவ்வொரு கோடாக இழுக்கும் லேசர் போட்டி போட முடியாது.

லேசருக்கான இடம் வேறு. மெல்லிய பிளாஸ்டிக் ஷீட், வளைந்த பரப்பு, நூறு பீஸ் மட்டும் வேண்டும் என்கிற ஆர்டர். லித்தோகிராஃபிக்கு முகமூடித் தகடு, ரசாயனம், தூசியில்லா அறை எல்லாம் வேண்டும். லேசருக்கு டிசைன் என்பது வெறும் ஒரு ஃபைல். காலையில் மாற்றினால் மதியம் புதுக் கோடு. நெதர்லாந்தின் ஹோல்ஸ்ட் சென்டரில் அருதினோவ், மாஸ்த்ராஞ்செலி ஆகியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிளாஸ்டிக் பக்கத்தைச் சேர்ந்தது. ஸ்மார்ட் லேபிளுக்கான சென்டிமீட்டர் அளவுப் படலத் துண்டுகளையே துளியை வைத்து 50 மைக்ரானுக்குள் பொருத்தியிருந்தார்கள். சூடு காட்டினால் பிளாஸ்டிக் சுருங்கிவிடும் என்பதால் அங்கே ஈயத்தை உருக்கும் வழிக்கு இடமே இல்லை.

2.48 கோடி முறை வைக்கணும்

இவ்வளவு மெனக்கெடுவதன் பின்னால் காசு இருக்கிறது. ஒரு 4கே மைக்ரோ எல்.இ.டி. டி.வி.யை எடுத்துக்கொள்ளுங்க. 3,840 x 2,160 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள். மொத்தம் 2,48,83,200. நொடிக்கு ஒன்று என்று வைத்தால், ராத்திரி பகல் நிற்காமல் 288 நாள் ஆகும். ஒரே ஒரு டி.வி.க்கு! பத்தாயிரத்தில் ஒன்று தவறினால்கூட திரையில் 2,488 விளக்குகள் பழுது.

அதனால்தான் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் இடம் மாற்றும் முறைகளைத் தேடுகிறார்கள். இந்தத் துறையில் முதலில் பேசப்படும் சிக்கலே இந்த இடமாற்றச் செலவுதான். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஏ.எம்.எஸ். ஓஸ்ராம் நிறுவனம், மலேசியாவின் கெடா மாநிலத்தில், நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதியில், கூலிம் என்ற ஊரில் மைக்ரோ எல்.இ.டி.க்காகப் பெரிய ஆலையைக் கட்டியது. 2024 பிப்ரவரியில் அதன் முக்கிய வாடிக்கையாளர் திட்டத்தை ரத்து செய்துவிட்டதாக அறிவித்தது. ஆப்பிள் வாட்ச்சுக்கான திட்டம் என்று அப்போது செய்திகள் வந்தன. ஆய்வகத்தில் ஜொலிக்கும் ஒரு தொழில்நுட்பம் ஆலைக்கு வரும்போது என்ன ஆகும் என்பதற்குக் கூலிம் ஓர் உதாரணம்.

நம்ம பக்கம் வருவோம். 'இந்தியாவில் சிப் தயாரிப்பு' என்று பேசும்போது எல்லோர் கண்ணும் வேஃபர் ஆலை மேலேயே இருக்கிறது. ஆனால் குஜராத்தின் சானந்தில் மைக்ரான், கெய்ன்ஸ், அசாமின் ஜாகிரோடில் டாடா நிறுவனங்களின் ஆலைகள் பேக்கேஜிங் வேலைக்கானவை. தயாரான சிப்பை எடுத்து, சரியான இடத்தில் வைத்து, இணைத்து, சோதிக்கும் வேலை. தமிழ்நாடு அரசும் 2025-26 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் 'தமிழ்நாடு செமிகண்டக்டர் மிஷன் 2030' அறிவித்தது. சிப்லெட் என்ற பெயரில் பல குட்டிச் சிப்களை அருகருகே, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் காலம் இது. யார் வேகமாகவும் துல்லியமாகவும் வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஆர்டர்.

துல்லியமான கையுள்ள இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும், விலை கோடிகளில். பரப்பிலேயே துல்லியத்தை எழுதிவிட்டால், இயந்திரத்தின் கை கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, மிச்சத்தைத் துளி பார்த்துக்கொள்ளும். இந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இன்னொன்று. பாத்திரத்திலும் ஸ்டீல் டம்ளரிலும் பெயர் போடப் பயன்படும் ஃபைபர் லேசர் மார்க்கிங் மெஷினைப் பார்த்திருப்பீங்க. அது ஃபெம்டோ செகண்ட் இல்லை, நானோ செகண்ட் வகை; கோட்டின் ஓரம் அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் உலோகத்தை நீர் வெறுக்கும் பரப்பாக மாற்றும் ஆய்வுகள் பலவற்றை இந்த வகை லேசரில்தான் செய்கிறார்கள். வேஃபர் ஆலைக்குப் பல ஆயிரம் கோடி வேண்டும். இதை ஆரம்பித்துப் பார்க்க ஒரு பொறியியல் கல்லூரியின் ஒர்க்‌ஷாப் போதும். சிலிக்கானில் லேசர் கோடு இழுப்பதும் திருநெல்வேலிக்கு அந்நியமான தொழில் இல்லை. மதுரை ரோட்டில் கங்கைகொண்டானில் டி.பி. சோலார் ஆலை சூரிய மின்செல் தயாரிக்கிறது. இன்றைய சோலார் செல் தொழிலில் செல்லை வெட்டவும் பூச்சைத் திறக்கவும் லேசர் அன்றாடக் கருவி. அந்த அனுபவத்தோடு வெளியே வரும் டிப்ளமோ பசங்களுக்கு அடுத்த படி எது என்று யாராவது யோசிக்க வேண்டும்.

தடைகள் இல்லாமல் இல்லை. துளியின் அளவு கூடினால் சில்லு சறுக்கிக் கீழே போகும். குறைந்தால் ஓரம் வரை நனையாமல் கோணலாக நிற்கும். லேசர் சுரண்டிய தூசி ஒரு துணுக்கு அடியில் மாட்டினால் எல்லாம் வீண். தண்ணீர் காயும் வேகத்தையும் கவனிக்கணும். நம்ம ஊர் வெயிலில் அதுவே தனிப் பாடு.

வீட்டிலேயே பார்க்கணுமா?

லேசர் வேண்டாம்; லேசர் பாயின்டரை வைத்து முயற்சியும் செய்ய வேண்டாம், கண் போய்விடும். ஒரு மெழுகுவர்த்தி போதும். கிராஃப் தாளில் ஒரு சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, அதன் மேல் சோப்பு போட்டு நன்றாகக் கழுவித் துடைத்த கண்ணாடித் துண்டை வையுங்க. சதுரத்துக்கு வெளியே சுற்றிலும் மெழுகைத் தேயுங்க, உள்ளே படக்கூடாது. நடுவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால், அது மெழுகுக் கோடு வரை வந்து நின்றுவிடும்.

மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் அதே அளவு சதுரம் வெட்டி, கொஞ்சம் கோணலாக அதன் மேல் மெதுவாக விடுங்க. திரும்பி நேராகும். ஊசி முனையால் ஓரத்தைத் தள்ளிப் பாருங்க, சர்வீஸ் கடை அண்ணாச்சி தள்ளுவது போல. திரும்பி வரவில்லை என்றால் தண்ணீர் அதிகம், இல்லாவிட்டால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு. மறுபடியும் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.